பதினோரு பேர், ஒரே மூச்சு

என் வலது கையால் இன்னும் ஒரு பக்கம் சேர்ந்தாற்போல எழுத வராது. போனில் பேசிப் பதிந்து, அது தப்பும் தவறுமாகப் போட்டதைத் திருத்தித் திருத்தித்தான் இதை உங்கள் முன்னால் வைக்கிறேன். எனக்கு வந்தது அடிக்கடி வருகிற வியாதி இல்லை என்றார்கள். அடிக்கடி வராதது எனக்கே வந்திருக்கிறதென்றால் யாருக்கும் வரலாம் என்பது என் கட்சி. வந்தால் நான் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பாடு.

முதலில் என் கெட்ட பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். குடி கிடையாது, குட்கா கிடையாது. போனில் ஒரு ஃபுட்பால் கேம், அவ்வளவுதான். அதிலும் பந்தை நாம் உதைக்கிற கேம் இல்லை. நாம் கோச். எந்தப் பதினோரு பேரை இறக்குவது, யாரை எங்கே நிறுத்துவது, யாரை விற்று யாரை வாங்குவது என்று முடிவு செய்து பொத்தானை அழுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். பச்சை மைதானத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் ஓடும். என் மனைவி பேச்சியம்மாள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “பந்தும் தெரியல, காலும் தெரியல. புள்ளி ஓடுததப் பாக்கதுக்கா இங்க சோறு ஆறுது?” என்று கேட்டாள்.

நான் தாராவியில் சட்டை தைக்கும் ஒரு பட்டறையில் கட்டிங் மாஸ்டர். துணியை மடிப்பு மடிப்பாக அடுக்கி, மெஷினை வளைத்து ஓட்டி, ஒரே வெட்டில் நூறு சட்டைக்குக் கை வெட்டுவேன். நாள் முழுக்க முதலாளி சொல்படி ஆடுகிறவன் சாயங்காலம் இரண்டு மணி நேரம் மற்றவர்களை ஆட்டிவைக்க ஆசைப்பட்டதில் என்ன தப்பு? அந்த கேமில் ஆட்டக்காரர்களின் பெயரை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். நான் மொத்த டீமுக்கும் சொந்தக்காரர்கள் பெயரை வைத்துவிட்டேன். கோல்கீப்பர் மட்டும் எங்கள் முதலாளி. அவர் கையைத் தாண்டி எதுவும் வெளியே போகாது. முழங்கால் வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற எங்கள் சித்தப்பா, என் டீமில் இருபது வயது ஃபார்வர்டு. அவரைத் துரத்திப் பிடிக்க ஆள் கிடையாது. பேச்சியின் தம்பி கணேசன், செம்பூரில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், நடுவில் நிற்பான். பதினோராவது ஆளாக இடது ஓரத்தில் நான், சுடலைமுத்து.

விக்ரோலியில் ஒரு சடங்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து மூன்று நாள் வயிறு போனது. சாப்பாடோ, தண்ணீரோ, நான் வழியில் குடித்த கரும்புச் சாறோ, தெரியாது. சரியாகிவிட்டது. மறந்தும்விட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இரண்டு கால் விரல்களிலும் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. மறுநாள் ரப்பர் செருப்பு காலை விட்டுக் கழன்று பின்னால் கிடக்கிறது, நான் தெரியாமல் நாலு அடி நடந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்கு இரும்பு ஏணியில் ஏறித்தான் போக வேண்டும். அன்றைக்கு ஏணியின் பாதியில் நின்று மூச்சு வாங்கினேன்.

“எந்நேரமும் கால மடக்கிப் போட்டு அந்தப் போனையே பாத்துட்டு இருந்தா மரத்துப் போவாம என்ன செய்யும்?” என்றாள் பேச்சி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. காலை நீட்டி வைத்துக்கொண்டு ஆடினேன். தெரு முனை டாக்டர் சத்து ஊசி போட்டு அனுப்பினார். மூன்றாவது நாள் மாட்டுங்காவில் ஒரு கடைக்கு சாம்பிள் சட்டை கொடுக்கப் போனவன், ஸ்டேஷன் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, முழங்கால்கள் தாமாக மடங்கிவிட்டன. யாரோ இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி டாக்ஸியில் போட்டார்கள். அவர்கள் முகம்கூட எனக்கு நினைவில்லை. நன்றாக இருக்கட்டும்.

பெரிய முனிசிபல் ஆஸ்பத்திரி. வெளியே காத்திருக்கும் ஹாலில் இரண்டு மணி நேரம், பேச்சி என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு லேடி டாக்டர், சின்ன வயது, மராட்டிக்காரப் பெண். ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ள வேண்டும், துள்ளவில்லை. அடுத்த காலிலும் இல்லை. தட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நர்ஸைப் பார்த்தார். 

முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கேட்கத்தான் பயங்கரம், சுருண்டு படுத்து அசையாமல் இருந்தால் சமாளித்துவிடலாம். கை காலில் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து நரம்பில் கரன்ட் எப்படி ஓடுகிறது என்று பார்த்தார்கள். பிறகு டாக்டர் உட்கார்ந்து விளக்கினார். ஒயருக்கு மேல் உறை இருப்பதுபோல நரம்புக்கும் உறை உண்டாம். வயிற்றுக்குள் வந்த கிருமியை அடிக்கக் கிளம்பிய என் உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் அந்த உறையைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறதாம். பெயர் கிலன் பாரே. ஒட்டுவாரொட்டி இல்லை, கேமாலும் வரவில்லை. சுத்தமான சேம் சைடு கோல் என்று நான் புரிந்துகொண்டேன்.

“காலில் ஆரம்பித்து மேலே ஏறும். கைக்கு வரும். சில பேருக்கு மூச்சு விடும் தசைக்கும் வரும்” என்று இந்தியில் சொன்னார். “பெரும்பாலானவர்கள் நல்லா ஆயிடுவாங்க. ஆனா மூச்சை மட்டும் நாம தவறவிடக் கூடாது. ஏக் சாஸ் மே கினோ, பையா.”

ஒரே மூச்சில் எண்ண வேண்டும். நன்றாக மூச்சை இழுத்து, நிதானமாக, நடுவில் இழுக்காமல். இருபத்தெட்டு வரை எண்ணினேன். இருபதுக்குக் கீழே வந்தால் கவலை, பத்துக்கு வந்தால் தொண்டையில் குழாய் வைத்து மெஷின் போட்டுவிடுவோம் என்றார். தாமதித்தால் மூச்சு திடீரென்று நின்றுவிடலாம் என்றும் சொன்னார்.

என் காதில் விழுந்தது மெஷின் என்ற சொல் மட்டும்தான். நான் சேர்ந்த அன்றைக்கே எதிர்ப் படுக்கைப் பெரியவரை மெஷின் போடும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் அவர் மகன் வந்து படுக்கைக்கு அடியிலிருந்த செருப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனான். அவருக்கு வேறு வியாதி, வயதும் அதிகம். அதெல்லாம் பிறகு தெரிந்தது. அங்கே போனால் திரும்ப முடியாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். ஆகவே எண்ணிக்கை குறையக் கூடாது.

கட்டிங் மாஸ்டருக்குத் துணி மிச்சம் பிடிக்கத் தெரியும். மூச்சிலும் மிச்சம் பிடித்தேன். முதல் பத்தை வேகமாக ஓட்டிவிடுவேன். பதினைந்தில் தொண்டையைக் கனைப்பதுபோல் மூக்கால் கொஞ்சம் இழுத்துக்கொள்வேன். டாக்டர் ரவுண்டு வரும்போதெல்லாம் இருபத்தைந்து, இருபத்தாறு. அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, திரும்ப எண்ணச் சொல்லுவார். எனக்குள் ஒரு சின்னக் கர்வம்கூட இருந்தது என்றால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் நாள் கையும் போய்விட்டது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. போனைத் தொட்டால் கட்டைவிரல் திரையில் வழுக்கிக்கொண்டு போனது. அன்றைக்கு மத்தியானம் பேச்சி ஒரு அதிசயம் செய்தாள். வெளியே டாக்டரோடு ஏதோ பேசிவிட்டு வந்தவள், என் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இந்த மேட்ச்சுக்கு ஆள் எறக்கணுமாமே. யாரு யாருன்னு கடகடன்னு சொல்லுங்க, நான் போடுதேன்.”

எனக்கு நம்பவே முடியவில்லை. “நீயா?”

“ஆமா, நாந்தான். கோச்சு படுத்துட்டா டீமு பட்டினி கெடக்குமா? சொல்லுங்க. விட்டு விட்டுச் சொன்னா எனக்கு மறந்து போவும். ஒரே இழுப்பா சொல்லுங்க.”

முதலாளியில் ஆரம்பித்து, பெரியப்பா, மாமா, சம்பந்தி என்று வரிசையாகப் போய், கணேசன், சித்தப்பா, கடைசியில் சுடலைமுத்து வரை ஒரே மூச்சில் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் அவள் அதைத்தான் கேட்டாள். விடிந்ததும் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தடவை. எட்டு வருஷக் கல்யாணத்தில் நான் சொல்வதை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. கட்டிலில் கை கால் வராமல் கிடந்த எனக்கு, உள்ளபடியே சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

அவள் கோச்சாக இருந்த லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். நான் சொல்கிற பதினொன்றை அவள் இறக்கவே மாட்டாள். முதல் மேட்ச்சில் பெரியப்பாவை இறக்கி, மாற்று கோல்கீப்பரான அவருடைய இன்னொரு தம்பியை வெளியே உட்கார வைத்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ரெண்டு பேரும் கூடப் பொறந்தவுக. ஒருத்தர எறக்கி ஒருத்தர உக்கார வச்சா அவுக மனசு சங்கடப்படாதா? அவுகள ரெண்டு பேரையும் எறக்கியாச்சு.”

“ஏளா, அவர் கோல்கீப்பர். ரெண்டு கோல்கீப்பரா எறக்குவாங்க?”

“எறக்குனா என்ன? எடமா இல்ல?”

ஐந்து கோல் வாங்கினோம். சித்தப்பாவை வாங்க இன்னொரு கிளப் பெரிய தொகை சொன்னது. விற்றுவிடு, அந்தக் காசில் நாலு பேரை வாங்கலாம் என்றேன். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். “நம்ம கல்யாணத்துக்கு மொத ஆளா வந்து நின்னவுகள விக்கணுமாக்கும்? வாய அலம்புங்க.” பக்கத்துப் படுக்கை யூ.பி.காரருக்கு ஒரு வார்த்தை புரியாது. நான் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

நான்காம் நாள் காலையில் ஒன்பதாவது பெயரில் மூச்சு முட்டியது.  “நல்லா சொல்லுங்க” என்று மறுபடி கேட்டாள். மறுபடியும் ஒன்பது. மத்தியானம் எட்டு. டாக்டரிடம் இருபத்து நாலு எண்ணிக் காட்டியிருந்தேன், கனைத்துக் கனைத்து. நாலு மணி வாக்கில் அவள் கேட்டபோது ஆறு பெயர்தான் வந்தது. சித்தப்பா வரவில்லை. கணேசன் வரவில்லை. என் பெயர் எங்கோ தூரத்தில் இருந்தது.

பேச்சி போனைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து ஓடினாள். நடந்து போகவில்லை, ஓடினாள். அவள் செருப்புச் சத்தம் வார்டு கடைசி வரை கேட்டது. திரும்பி வரும்போது கூட லேடி டாக்டரும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். “எண்ணு பையா” என்றார் டாக்டர். இந்தத் தடவை என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டார். ஒன்பதோடு முடிந்தது.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது நான் பேச்சியைப் பார்த்த பார்வை எனக்கே தெரியும். காட்டிக் கொடுத்துவிட்டாளே என்ற பார்வை. அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். காலில் அவள் கை பட்டது எனக்குத் தெரியவில்லை.

மெஷினில் ஒன்பது நாள். தொண்டையில் குழாய் இருந்தால் பேச முடியாது. வலி அவ்வளவு இல்லை. தாகம்தான் உயிரை எடுக்கும். இரவும் பகலும் ஒரே வெளிச்சம். உள்ளே எல்லாம் தெளிவாகத் தெரியும், வெளியே கண்ணைத் தவிர ஒன்றும் அசையாது. ஆமாம் என்றால் ஒரு தடவை கண்ணை மூட வேண்டும், இல்லை என்றால் இரண்டு தடவை. பலர் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு மருந்தை, சேர்ந்த நாளிலிருந்து ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றியிருந்தார்கள். அதன் விலையை எனக்கு யாரும் சொல்லவில்லை. கணேசனின் பைக் எங்கே போனது, கையைத் தாண்டி எதையும் விடாத எங்கள் முதலாளி எதை விட்டார் என்பதெல்லாம் பிறகுதான் கேள்விப்பட்டேன். அவரைக் கோல்கீப்பராக வைத்துக் கிண்டல் செய்ததற்கு மனசுக்குள் மன்னிப்பு கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் பத்து நிமிஷம் பேச்சியை உள்ளே விடுவார்கள். போன் கொண்டுவரக் கூடாது. அவள் காதருகே குனிந்து மேட்ச் முடிவைச் சொல்லுவாள்.

“இன்னைக்கு நாலு பூஜ்யம். சித்தப்பா மட்டும் மூணு. பெரியப்பாவுக்கு லேசா கால்ல அடி, பயப்படாதிய.” பிறகு யார் யார் ஆடினார்கள் என்று முதலாளியில் ஆரம்பித்து வரிசையாகப் பத்துப் பெயரையும் சொல்லுவாள். புருஷன் பெயரைச் சொல்லாத வீட்டில் வளர்ந்தவள். பதினோராவதாக, “அப்புறம் நீங்க” என்பாள்.

அவள் மேல் இருந்த கோபம் எந்த நாளில் போனது என்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் பத்து நிமிஷத்துக்காக மற்ற நேரத்தை ஓட்டினேன் என்பது மட்டும் தெரியும்.

பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். வார்டுக்குத் திரும்பி, குரல் வந்து, இடது கையில் ஒரு விரலை அசைக்க முடிந்ததும் போனைக் கேட்டேன். பேச்சி தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள். கேமைத் திறந்தால், நான் மெஷினுக்குப் போன அன்றைக்கு ஆட வேண்டிய மேட்ச் அப்படியே நிற்கிறது. நாம் பொத்தானை அழுத்தாவிட்டால் அங்கே ஒரு நாள்கூட நகராது. ஒன்பது நாளில் ஒரு ஆட்டமும் நடக்கவில்லை.

“அப்போ நாலு பூஜ்யம்?”

“வேற என்னத்தச் சொல்ல? உள்ள என்ன சேதி கொண்டுவர முடியும் எனக்கு? வெளிய ஒக்காந்து அழுத சேதியா?” என்றாள். உடனே, “அழல. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்” என்று சேர்த்துக்கொண்டாள்.

“முந்தி மட்டும் அவ்வளவு ஆசையா டீம் கேட்டியே?”

“ஆசையா? அந்தச் சனியனக் கண்டாலே எனக்கு ஆவாது.” அவள் கண்ணை என் மேல் வைக்காமல் போர்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். “ஒங்க கனைப்பு என்ன கனைப்புன்னு எனக்குத் தெரியாதா? ஒங்க ஆளு நம்பரத் திருடுதாரு, நீங்களும் கவனிச்சிக்கிடுங்கன்னு டாக்டரம்மாவும் சொல்லிட்டாவ. எண்ணச் சொன்னா ஏமாத்துவீய. டீமச் சொல்லச் சொன்னா ஏமாத்த மாட்டிய. வெளிய நின்னு நானே சொல்லிப் பாத்தேன். பதினோரு பேரச் சொல்ல ஆவுத நேரமும், இருவது எண்ண ஆவுத நேரமும் ஒண்ணு. ஆறு பேருன்னா பத்து. அம்புட்டுத்தான்.”

பக்கத்துப் படுக்கை யூ.பி.காரர் என்னவாயிற்று என்று இந்தியில் கேட்டார். கண்ணால் பேச்சியைக் காட்டினேன். வார்டில் வலம் வந்த டாக்டரிடம் பிறகு கேட்டேன். அன்றைக்கு ராத்திரி வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. “அதை ஏன் இப்போ கேக்குறீங்க?” என்று என் கையை அழுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

நாற்பத்தோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். மாடி ஏணி ஆகாது என்பதால் கீழே ஒரு அறை வாடகைக்குப் பிடித்திருக்கிறோம். பிசியோதெரபி பெண் வாரம் இரண்டு நாள் வருகிறாள். வாக்கரைப் பிடித்து இருபது அடி நடப்பேன். கத்தரியைப் பிடிக்கிற பிடி இன்னும் வரவில்லை. வரும், நரம்பு மெதுவாகத்தான் வளரும் என்கிறார்கள். மெஷின் ஓட்ட எப்போது முடியும் என்று யாரும் நாள் குறித்துக் கொடுக்கவில்லை. பட்டறையில் என் இடத்தில் வேறு ஆள் வைக்கவில்லை என்று முதலாளி சொல்லி அனுப்பினார்.

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பேச்சி காய்கறி வாங்கப் போயிருந்தாள். தண்ணீர் எடுக்க வாக்கர் இல்லாமல் நாலு அடி வைத்துப் பார்த்தேன். மூன்றாவது அடியில் விழுந்துவிட்டேன். எங்கும் அடியில்லை. சுவரைப் பிடித்து, கட்டிலைப் பிடித்து, எப்படியோ எழுந்து பழையபடி உட்கார்ந்துவிட்டேன். சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டினேன். யாரும் பார்க்கவில்லை. அவள் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவள் பையோடு வாசலில் நுழைந்ததும், “ஏளா, நீ இல்லாதப்போ விழுந்துட்டேன்” என்றேன்.

பேச்சி பையைக் கீழே வைத்தாள். என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள், முழங்கையைப் பார்த்தாள், பின்மண்டையைத் தடவிப் பார்த்தாள். “நீங்களா சொல்லிட்டியளே” என்றாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் அழுதாள்.